போர்விமானம் பார்க்கப் போதல்

போர்விமானங்களைப் பார்த்து வருவதற்கென்றே நண்பர் ஐவர் சேர்ந்து, வாடகைக்கு ஒரு வேன் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங்வெளியிலிருந்து திருகோணமலைவரை போய்வந்தோம் என்று சொன்னால், கேட்பவர்களில் இரு சாரார் முகஞ்சுளிக்கின்றனர். ‘இதென்ன பிள்ளை விளையாட்டு? கோணேசர் கோயிலுக்குப் போயிருந்தாலாவது புண்ணியமுண்டு’ என்பர் ஒரு சாரார். மற்றைச் சாராருடைய ஆட்சேபம் கனமானது. ‘கால் நூற்றாண்டுக்கு மேல் உள்நாட்டுப் போர் நடந்த தேசத்திலே, குண்டு போட்ட இயந்திரங்களை வேடிக்கை பார்க்கப் போவதா? அதுவும் தமிழராகிய நீங்களா?’ என்று அவர்கள் கேட்கின்றனர். முதற் சாராருக்கு விடை கூறுதல் எளிது, கோயிலுக்கும் போனோம். இரண்டாஞ் சாராருக்காகவே இதனை எழுதத் துணிந்தேன்.

விமானம் பார்த்தல் என்பது மேனாட்டிலே ஒரு பெரும் பொழுதுபோக்கு. பறவை பார்ப்பார் எங்ஙனம் குளக்கரையிலே காத்துக் கிடப்பாரோ, அங்ஙனமே இவர்களும் தொலைநோக்கியும் குறிப்புப் புத்தகமும் சாப்பாட்டுப் பொதியுமாக விமானத் தளங்களின் வேலிக்கு வெளியே மணிக்கணக்கிற் காத்திருப்பர். விமானத்தின் இனம், அதன் வாலிலும் உடலிலும் எழுதப்பட்ட இலக்கம், அது எந்தப் படைப்பிரிவைச் சார்ந்தது என்பன அவர்கள் குறித்துக்கொள்ளும் செய்திகள். வேல்ஸ் நாட்டில் ‘மாக் லூப்’ என அழைக்கப்படும் பள்ளத்தாக்குகளிலே போர்விமானிகள் தாழப்பறந்து பயிற்சி பெறுவதுண்டு. மலைமேல் நிற்பவர், கீழே போகும் விமானத்தின் முதுகைக் காணலாம். மலைநாட்டார் நமக்கு இது விளங்காத காட்சியன்று. அப்புத்தளை விளிம்பிலே நின்று பருந்தின் முதுகைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா நாம்!

இந்தப் பொழுதுபோக்கின் வேரைத் தேடினால் அது விளையாட்டிலே போய் முடிவதில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானியாவிலே தொண்டர் பலர் குன்றுகளின்மேற் காவலிருந்து, வருகின்ற விமானம் நம்முடையதா பகைவனுடையதா என்று கண்டு சொல்லினர். அவதானிப்புப் படை என்று அதற்குப் பெயர். 1941 இல் ‘றோயல்’ என்ற சிறப்பும் அதற்கு வழங்கப்பட்டது. விமானங்களின் நிழலுருவங்களைக் கறுப்பு மையில் அச்சிட்டுப் பயிற்றினர். பள்ளிச் சிறுவரும் அவற்றை மனனஞ் செய்தனர். யுத்தம் முடிந்தது. கற்ற வித்தை மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை, பொழுதுபோக்காக மாறிற்று. எனவே, உயிருக்கு அஞ்சி மேலே பார்த்தவர்களின் பிள்ளைகளே பின்னர் இன்பத்துக்காக மேலே பார்த்தனர் என்று கூறுதல் பொருந்தும். இந்த வரலாற்றை வாசகர் சற்று நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பின்னால் இதற்குத் தேவையுண்டு.

எல்லா நாடும் இந்த மோகத்தைப் புரிந்துகொள்வதுமில்லை. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டா விமானத் தளத்திற்கு அண்மையில், விமான இலக்கங்களைக் குறித்தமைக்காகப் பிரித்தானியர் பன்னிருவரும் ஒல்லாந்தர் இருவரும் கைது செய்யப்பட்டனர். ஒற்றர் என்பது குற்றச்சாட்டு. 2002 ஏப்ரிலிலே தண்டனையும் விதிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலே மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. முன்பின் அறியாத ஒருவருடைய விமான இலக்கத்தை எழுதி வைத்துக்கொண்டு ஒருவன் மகிழ முடியும் என்பதைக் கீழ் நீதிமன்றத்தாரால் நம்ப முடியவில்லை போலும். மேனாட்டுச் சீமான்களுக்கே இக்கதி என்றால், போர்க்காலத்தில் நம் தமிழ் வாலிபன் ஒருவன் இரத்மலானை வேலியோரத்திலே தொலைநோக்கியுடன் நின்றிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை நான் எழுதவேண்டியதில்லை.

ஸ்பிரிங்வெளியின் வானம் குறுகியது. ஒருபுறம் நமுனுகுல மலை. மறுபுறம் தேயிலை போர்த்த மேடுகள். மூடுபனி இறங்கிவிட்டால் அந்தச் சிறு வானமும் இல்லை. ஆகையினால் இங்கே விமானம் முதலில் ஒலியாகவே வருகின்றது. கொழுந்து எடுப்போர் கூடையோடு நிமிர்ந்து பார்ப்பதும், லயத்து வாசலிலிருந்து பிள்ளைகள் பிரட்டுக் களத்துக்கு ஓடிவருவதும் இன்றைக்கும் காணக்கூடியவை. அண்மையிலுள்ள தியத்தலாவையிலே படைமுகாம்கள் இருப்பதால் ஹெலிகொப்டர் நமக்குப் புதிதன்று. தியத்தலாவை பழைய இராணுவ ஊர். 1900 இல் தென்னாபிரிக்காவின் போயர் கைதிகளை வெள்ளையர் கொணர்ந்து அடைத்த இடம் அது. 1939 இல் ஜெர்மனியரையும் அங்கேயே அடைத்தனர்; பௌத்த துறவிகளாகிய ஜெர்மனியரும் அவர்களில் இருந்தனர் என்பது வேடிக்கை.

நம் மலைநாட்டுப் பிள்ளைகளின் அண்ணாந்த பார்வையிலே ஒரு தூரம் உண்டு. றோயல் இலங்கை விமானப் படை 1951 மார்ச் 2 ஆம் நாள் தோன்றியது. அந்நாளில், 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் விளைவாக, தோட்டத் தமிழரிற் பெரும்பாலார் நாடற்றவர்களாக இருந்தனர். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாட்டுக்கும் பங்கிட்டது. எஞ்சியோருடைய வழக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் ஒருவாறு முடிந்தது. அதாவது, தலைக்குமேற் பறந்த விமானம் எந்த நாட்டுக்குரியதோ அந்த நாட்டுக்குத் தாம் உரியவர் என்று சொல்லும் உரிமை, கீழே நின்று பார்த்தவர்க்கு அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்ததில்லை. விமானியாக வேண்டும் என்று ஆசைப்பட்ட தோட்டத்துச் சிறுவன் ஒருவனை நான் வகுப்பிலே கண்டிருக்கிறேன். அவன் பாட்டனார் காலத்திலே அவ்வாசையைச் சிரித்து ஒதுக்கியிருப்பர்.

இரு நிகழ்ச்சிகள் அந்தத் தூரத்தைக் குறைத்தன. 2020 ஜனவரி 3 ஆம் நாள் வீரவிலத் தளத்திலிருந்து எழும்பிய வை-12 விமானம் ஒன்று அப்புத்தளையில் வீழ்ந்து நொறுங்கியது. அதிலிருந்த விமானப் படையினர் நால்வரும் மாண்டனர். மற்றையது 2025 நவம்பர் இறுதியில் அடித்த டித்வா புயல். பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்து, வீதிகள் அறுந்து, ஊர்கள் தனித்துப்போன நாட்களிலே வானவழியொன்றே வழியாயிற்று. நம் விமானப் படையின் ஹெலிகொப்டர்களும், உதவிக்கு வந்த இந்தியாவின் ஹெலிகொப்டர்களும் நாடெங்கும் உணவும் மருந்தும் கொண்டுபோயின. அகப்பட்டோரை ஏற்றியும் வந்தன. நவம்பர் 30 அன்று லுணுவிலையிலே நிவாரணப் பணியிலிருந்த பெல் 212 ஹெலிகொப்டர் ஒன்று வீழ்ந்து அதன் விமானி உயிர்நீத்தார். அந்த வாரத்திலே வானத்தைப் பார்த்த நம்மவர் கண்களில் இருந்தது வியப்பன்று, பசி. அதன் பின்னரே இந்தப் பயணத்தைப் பற்றி நண்பர்களிடையே பேச்செழுந்தது.

ஐவரில் ஒருவர் தேயிலைத் தொழிற்சாலையிலே இயந்திரம் பார்ப்பவர். இருவர் ஆசிரியர், அவருள் ஒருவன் நான். வேன் ஓட்டிய தம்பி நான்காமவர். ஐந்தாமவர் வலிகாமத்திலே பிறந்து, பதுளையிலே கணக்காளராக வேலை பார்ப்பவர். அவரை நாங்கள் வற்புறுத்தி அழைக்கவில்லை. தாமாகவே வருகிறேன் என்றார்.

விடிவதற்கு நெடுநேரம் முன்னரே புறப்பட்டு, பதுளை, மகியங்கனை, தெகியத்தகண்டி, பொலன்னறுவை என்று இறங்கினோம். மலைக்குளிர் கழன்று சமவெளி வெக்கை முகத்திலடித்தபோது நேரம் காலை எட்டு. ஹிங்குராங்கொடைத் தளத்தை யுத்தகாலத்தில் மின்னேரியாத் தளம் என்றனர். 1945 மார்ச்சிலே அங்கிருந்து எழுந்த லிபரேற்றர் என்னும் நாலியந்திரப் பெருவிமானங்கள் வங்கக் கடலைக் குறுக்கறுத்துச் சிங்கப்பூர்த் துறைமுகத்திலே கண்ணிவெடிகளை இட்டுவிட்டு மீண்டன. போகவரச் சென்ற நேரம் இருபது மணிக்கு மேல். நெல்வயல்களுக்கு நடுவே இருக்கும் இந்த ஓடுபாதைக்கும் சிங்கப்பூருக்கும் இப்படியோர் உறவு இருந்தது என்பதை அறியாமலே அவ்வழியாற் போய்வருவோர் எத்தனை பேர்! நாங்கள் வீதியோரத்திலே பனங்கட்டியும் வடையும் தின்றுகொண்டிருக்கையில் பெல் 212 ஒன்று மரங்களுக்கு மேலாகச் சென்றது. அதன் சுழலிக்கு இரண்டே தகடுகள். ஆகவே ‘டப்டப்’ என்று காற்றை அறைந்துகொண்டு போகும். ஐந்து தகடுள்ள எம்.ஐ.-17 இன் ஓசை இதினின்றும் வேறு. அது இடைவெளியற்ற உறுமல். இயந்திர நண்பர் இதனை விளக்கிக்கொண்டிருந்தார். வலிகாமத்து நண்பர் மட்டும் வடையைக் கையில் வைத்தபடி, பேசாதிருந்தார்.

கந்தளாய் கடந்து சீனக்குடாவை அடைந்தோம். இந்தத் தளத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் 1942 ஏப்ரிலைப் பற்றி எழுதாது மேலே செல்லல் இயலாது. ஏப்ரில் 4 ஆம் நாள், காலிக்கு அருகேயுள்ள கொக்கலை வாவியிலிருந்து எழும்பிய கற்றலினா என்னும் கடல்விமானம், இலங்கைக்குத் தென்கிழக்கே பல நூறு மைலுக்கப்பால், யப்பானியரின் விமானந்தாங்கிக் கப்பற் கூட்டத்தைக் கண்டது. கண்டு சொன்னவர் லெனாட் பேர்ச்சல் என்னும் கனேடிய விமானி. செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே விமானம் தாக்கப்பட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பதின்மரில் மூவர் இறந்தனர், அறுவர் சிறைப்பட்டனர். எனினும் அச்செய்தி கொழும்பைச் சேர்ந்தது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. யப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது வந்தன. முதல் நாளே எச்சரிக்கை கிடைத்திருந்தும், அவை தலைக்குமேல் வந்து சேரும்வரை ரேடார் காட்டிக்கொடுக்கவில்லை. இரத்மலானையிலிருந்த ஹரிக்கேன் விமானங்கள் குண்டுகளுக்கிடையே எழும்ப நேர்ந்தது. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலையும் ஓடுபாதையாக்கி அங்கும் விமானங்களை மறைத்து வைத்திருந்தனர். இன்று அங்கே கடைகளுக்குப் போவோர் அதனை அறியார்.

ஏப்ரில் 9 இல் திருகோணமலைக்கு வந்தது முறை. சீனக்குடாவின் ஓடுபாதையும் கூடாரங்களும் தாக்கப்பட்டன. யப்பானிய விமானம் ஒன்று எண்ணெய்த் தாங்கியின்மேல் வீழ்ந்து எரிந்தது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கிற்று. 307 பேர் மாண்டனர். அக்கப்பலிலே அன்றைக்கு விமானம் ஒன்றேனும் இருக்கவில்லை. அதன் விமானங்கள் சீனக்குடாக் கரையிலே நின்றுவிட்டன. விமானமில்லாத விமானந்தாங்கி எதிரிகளின் விமானங்களுக்கு இரையான கதை உலகத்துக் கடற்போர் வரலாற்றிலே பெரிதும் அவலமானது என்றே நான் நினைக்கிறேன்.

இவ்வளவையும் நான் விரித்துரைப்பதற்குக் காரணமுண்டு. இந்தத் தீவின் கதியே ஒரு வாரகாலம், வருவது யாரென்று முன்கூட்டிக் கண்டு சொல்லும் கண்களின்மேல் தங்கியிருந்தது. விமானம் பார்த்தல் வீண்வேலை என்பார்க்கு இதைவிட விடை வேண்டியதில்லை.

படைத் தளங்களைப் படமெடுத்தல் நம் நாட்டிலே கூடாது. 1955 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க அரச இரகசியச் சட்டம் தடைசெய்யப்பட்ட இடங்களைப் பற்றி விரிவாகவே பேசுகின்றது. கைத்தொலைபேசிகளை வேனிலேயே விட்டுவிட்டு, பொதுவீதியிலுள்ள தேநீர்க் கடையில் அமர்ந்தோம். சட்டத்துக்கு உட்பட்டு வானத்தைப் பார்ப்பதற்கு இரு கண்ணும் ஒரு குவளை பிளேன்ரீயும் போதும். சீனக்குடா இன்று விமானிகளைப் பயிற்றும் இடம். பி.டி.-6 என்னும் சீனத் தயாரிப்பு விமானங்கள் அங்கே பயிற்சிக்குரியன. வட்டமாக அமைந்த ஒன்பது உருளைகள் கொண்ட எந்திரம். சுற்றுப்பாதையிலே திரும்பத் திரும்ப வந்து தரையைத் தொட்டெழுவதுதான் மாணாக்கனின் பாடம். எந்தத் தொழிலிலும் எழுத்துப் பயிலும் காலம் அழகானது. அந்தச் சிறு விமானங்களைக் கண்டபோது எனக்கு முதலாம் வகுப்புப் பிள்ளைகள் நினைவுக்கு வந்தனர்.

அப்போதுதான் அது நடந்தது. வலிகாமத்து நண்பர் வானத்துக்கு முதுகு காட்டி, தேநீர்க் குவளையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். “ஒத்தை எஞ்சின். சின்னது. இப்ப திரும்புது,” என்றார். நாங்கள் திரும்பிப் பார்த்தோம். கட்டைபோன்ற சிறு விமானம் அப்போதுதான் ஒரு சிறகைத் தாழ்த்தித் திரும்பிக்கொண்டிருந்தது.

“தம்பி, பார்க்காமலே எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டேன்.

“மாஸ்டர், நீங்கள் கண்ணாலை பாக்கிறியள். நாங்கள் காதாலை பாத்தனாங்கள்,” என்றார்.

பின்னர் அவர் சொல்லச் சொல்ல நாங்கள் கேட்டிருந்தோம். வடபுலத்துப் பிள்ளைகளுக்கு விமானமெல்லாம் முதலில் ‘பொம்மர்’ ஆயிருந்தன. பின்னர் வகை பிரிந்தது. 1985 இல் வாங்கப்பட்ட இத்தாலிய மாச்செட்டி விமானத்துக்கு ஊர்வாயில் ‘சியாமாசெட்டி’ என்று பெயர். ஏதோ நகரத்தார் வீட்டு மனிதரைப் போன்ற பெயர்! 1993 இல் ஆர்ஜென்டீனத்துப் புக்காரா வந்தது. 1996 இல் இஸ்ரேலியக் கிபிர். 2000 இல் மிக்-27. பளு ஏற்றும் பருத்த விமானத்தைச் ‘சகடை’ என்றனர். சகடம் என்றால் வண்டி, பெயரிட்டவர் தமிழறிந்தவர். வானத்திலே வட்டமிட்டு வேவு பார்த்த ஆளில்லா விமானத்துக்கு ‘வண்டு’ என்று பெயர். சியாமாசெட்டி வந்தால் பதுங்குகுழிக்கு ஓட அவகாசமுண்டு. கிபிர் வந்தால் அஃது இல்லை. வண்டு வந்து போனால் பின்னால் வேறொன்று வரும். ‘எல்’ எழுத்தின் வடிவிலே வெட்டிய குழியினுள்ளே, தாயின் கை தலையை அமுக்கியிருக்க, எந்திரத்தின் சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஏழு வயதிலே காதால் அளந்த கல்வி அது. ஏறினால் வருகிறது. இறங்கினால் போகிறது.

நான் முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன பிரித்தானியக் கதையை வாசகர் இங்கே கொணர்ந்து வைத்துப் பார்க்கவேண்டும். அங்கே காவலிருந்தவர்க்குப் பட்டயமும் ‘றோயல்’ பட்டமும் கிடைத்தன, அவர்கள் கற்ற நிழலுருவங்கள் நூலாயின, நூல்கள் பொழுதுபோக்காயின. நம் நாட்டிலோ, அவர்களினும் கூரிய அவதானிகள் கிணற்றடியிலும் பனங்கூடலிலும் இருந்தனர். அவர்களுடைய கலையை எவரும் கலை என்று கருதவில்லை. இலங்கையிலே விமானம் பார்க்கும் கலைக்கு ஒரு வரலாறு எழுதப்படுமானால் அதன் முதல் அத்தியாயம் அந்தப் பிள்ளைகளுடையதாக இருத்தல் வேண்டும். இதுவே எனது துணிபு.

‘அப்படியாயின் அந்த இயந்திரத்தை அழகென்று ரசிப்பது தகுமா?’ என்ற கேள்வி இன்னும் நிற்கின்றது. தகும் என்றே சொல்வேன். விமானம் அழகானது, அதனை மறுப்பது பொய். புலியும் அழகானதுதான். ஆனால் காட்டோரத்தில் மாடு பறிகொடுத்தவன் பக்கத்திலிருக்கையில் புலியின் வரிகளை மட்டும் புகழ்ந்துகொண்டிருப்பவன் மூடன். நாம் ரசிக்கலாம்; ரசிக்கும்போது யார் யாரோடு நிற்கிறோம் என்பதை அறிந்திருக்கவேண்டும். 1995 ஜூலை 9 ஆம் நாள், இடம்பெயர்ந்து வந்த மக்கள் தங்கியிருந்த நவாலி சென் பீற்றர் தேவாலயத்தின்மீது குண்டு வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை மறைத்துவிட்டு ஒரு விமானத்தின் இறக்கை அகலத்தைப் பேசுவது அறிவாகாது.

துயர் ஒருபுறத்தார்க்கே உரியதென்றும் நான் எழுதவில்லை. 1971 ஏப்ரிலிலே, தென்னிலங்கைச் சிங்கள இளைஞரின் கிளர்ச்சியை அடக்குவதற்கு ஜெற் புரொவோஸ்ற் விமானங்கள் பயன்பட்டன. 2007 மார்ச்சில் விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் இரவிலே வந்து கட்டுநாயக்கத் தளத்திற் குண்டு போட்டு விமானப் படையினர் மூவரைக் கொன்றன. அதன் பின் கொழும்பு நகரமும் விளக்கணைத்து, இருட்டிலே காது கொடுத்திருக்கக் கற்றது. 2009 பெப்ரவரி 20 ஆம் நாள் இறைவரித் திணைக்களக் கட்டடத்தின்மேல் அவற்றில் ஒன்று வீழ்ந்த இரவைக் கொழும்பார் மறந்திரார். ஆகவே இத்தீவிலே சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகிய எல்லோருமே ஒவ்வொரு காலத்தில் அண்ணாந்து அஞ்சியவர்கள்தாம். அஞ்சியதை ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை என்பதே குறை.

இரத்மலானையிலே விமானப் படையின் அரும்பொருட்சாலை ஒன்று உண்டு. 2009 முதல் பொதுமக்கள் அங்கே போய்ப் பார்க்கலாம். சிப்மங்க், பலியோல், ஜெற் புரொவோஸ்ற் முதலிய பழைய விமானங்களைத் தொட்டுவிடு தூரத்தில் நின்று காணலாம். நல்ல இடம், பிள்ளைகளை அழைத்துப் போகத்தக்க இடம். ஸ்பிரிங்வெளிப் பாடசாலைகளிலிருந்து ஆண்டுக்கொரு வண்டியாவது அங்கே போதல் வேண்டும். அந்த அரும்பொருட்சாலையாரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு விமானத்தின் அருகிலும் அதன் நீளம், வேகம், எந்திர வலு ஆகியவற்றை எழுதும் பலகையிலே, கீழே நின்ற மக்கள் அதற்கு இட்ட பெயரையும் எழுதுங்கள். ‘சியாமாசெட்டி’ என்ற சொல் அழிந்துபோகலாகாது. அதைச் சொன்னவர்கள் இன்று நாற்பதையும் ஐம்பதையும் கடந்துவிட்டனர்; அவர்களுடைய பிள்ளைகளுக்கு அச்சொல் தெரியாது. தெரியாதிருப்பது நற்பேறே. ஆயினும் அகராதியிலாவது அது இருத்தல் வேண்டும்.

வானவேடிக்கைத் திருவிழாக்களை நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. 2024 அக்டோபர் 6 ஆம் நாள் சென்னை மெரீனாக் கடற்கரையிலே இந்திய விமானப் படை நடத்திய சாகசக் காட்சிக்கு இலட்சக்கணக்கானோர் திரண்டனர். வெயிலும் நெரிசலும் தாளாது ஐவர் இறந்தனர். விமானத்தைப் பார்ப்பதற்குப் பெருங்கூட்டம் வேண்டியதேயில்லை. நாலைந்து பேர், ஒரு வேன், ஒரு தேநீர்க் கடை, பொறுமை – இவை போதும். பேச்சுக்கு இடம் இருக்கவேண்டும். சீனக்குடாவிலே அன்று எங்கள் ஐவருக்கிடையே நிகழ்ந்த பேச்சு இலட்சம் பேர் கூட்டத்திலே நிகழ்ந்திராது. எட்டாண்டுகளாக ஒன்றாக வேலை பார்த்தும், ஒன்றாகச் சோறுண்டும், அந்தக் கணக்காளர் தம் ஏழு வயதைப் பற்றி எங்களிடம் அதற்குமுன் ஒரு சொல்லும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. மலைநாட்டார்க்கும் வடபுலத்தார்க்கும் இடையே உள்ள மௌனம் சிங்களவரோடுள்ள மௌனத்தினும் சில வேளைகளிற் கெட்டியானது என்று நான் எண்ணுவதுண்டு. தமிழ் ஒன்றாயிருப்பதால் எல்லாம் விளங்கிவிட்டதென்று இரு பகுதியாரும் நினைத்துக்கொள்கிறோம்.

நாங்களும் எங்கள் பங்கை அவருக்குச் சொன்னோம். டித்வாப் புயலின் பின் பாதை அறுந்த லயங்களிலே ஹெலிகொப்டரின் ஓசை கேட்டபோது பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டதை வேனோட்டித் தம்பி சொன்னார். அதே ஓசைக்குத் தாம் குழியினுள் பாய்ந்ததை நினைத்தவராய்க் கணக்காளர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். “கும்பிட்டவையோ?” என்று ஒரு முறை மட்டும் கேட்டார். கும்பிட்டவர்களும் தவறியவர்களல்லர், பாய்ந்தவர்களும் தவறியவர்களல்லர். ஓசை ஒன்றே. அதனை ஏவியவர் எதனை ஏற்றி அனுப்பினர் என்பதிலேயே வேறுபாடு. அரசாங்கங்களை நாம் கேட்கவேண்டிய கேள்வியும் இதுவே: வரும் ஆண்டிலே எந்த விமானத்தை வாங்கப் போகிறீர், அதனுள் எதனை ஏற்றப் போகிறீர்? ஊவா மலைகள் இன்னும் சரியக்கூடியவை. 2014 அக்டோபரிலே கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டதை நாம் மறக்கவில்லை. தோட்டப் பகுதிகளிலே ஹெலிகொப்டர் இறங்கத்தக்க சமநிலங்களைக் கண்டு குறித்து வைத்திருத்தல் வேண்டும். தொழிற்சாலை முற்றம், பாடசாலை மைதானம் இவை போதும். மழைக்கு முன்னரே செய்யவேண்டிய வேலை அது.

அடுத்த பயணத்துக்கு நாள் குறித்தாயிற்று. பதுளையிலிருந்து வெல்லவாய வழியே இறங்கி, வீரவிலையைத் தாண்டித் தென்கரையோரமாகக் கொக்கலைக்குப் போவது, பேர்ச்சலின் கடல்விமானம் எழும்பிய வாவியைக் காண்பது, பிறகு இரத்மலானை என்பது எங்கள் எண்ணம். கணக்காளரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். அதற்கடுத்த பயணம் வடக்கே போகவேண்டும். பலாலி ஓடுபாதையைப் பார்த்துவிட்டு நவாலிக்கும் போகவேண்டும். அங்கே வேனை நிறுத்திவிட்டு இறங்கி நடக்கவேண்டும். ஐவரும் ஒப்புக்கொண்டோம்.